வால்பாறை ஜீப்புக்குத் தைத்த ஹூட்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பொள்ளாச்சியில் லாரிகளுக்குத் தார்பாயும் ஜீப்புகளுக்கு ஹூட்டும் (துணிக்கூரை) தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறை எங்களுடையது. ஒரு மார்ச் மாதக் கடைசியில், ஆனைமலைப் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேலாளர், கள மேற்பார்வைக்கு ஓடிக்கொண்டிருந்த மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்பை எங்களிடம் அனுப்பினார். 1990களில் வாங்கப்பட்ட அந்த வண்டியின் இயந்திரமும் நான்கு சக்கர இயக்கமும் நல்ல நிலையில் இருந்தன. மேற்கூரைதான் ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை மாற்றப்பட்டும் மழையைத் தாங்கவில்லை. நான்காவது முறையாவது நிலைத்து நிற்கும்படி ஒன்று வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை.

மஹிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கிய காலத்திலிருந்தே, அந்த வழியில் வந்த வண்டிகளின் உடல் பெரும்பாலும் தட்டையான தகடுகளால் ஆனது. துணிக்கூரை உள்ள வண்டிகளில் குழாய்ச் சட்டகத்தையும் துணியையும் தனியே கழற்றி எடுத்துவிடலாம். ஆகையால் சிற்றூர்த் தையற்காரர்கூட ஹூட் தைத்துவிட முடிகிறது. தைத்த ஹூட் எங்கே, எந்தத் தட்பவெப்பத்தில், யார் கையில் வாழப்போகிறது என்பதை யாரும் கேட்காமல் போவதற்கும் அந்த எளிமையே காரணமாகிறது. நாங்களும் அதை முழுதாகக் கேட்கவில்லை என்பதைப் பின்னால் வரும் பகுதிகள் காட்டும்.

வால்பாறை ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் உள்ளது. ஆழியாறிலிருந்து ஏறும் சாலையில் 40 கொண்டையூசி வளைவுகள். அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் ஜூன் முதல் செப்டம்பர் வரை துணி என்று எதுவும் முழுதாகக் காய்வதில்லை. இந்த ஜீப் நாள்தோறும் தோட்டத்து மண் பாதைகளில் ஓடும். பின்னிருக்கைகளில் கண்காணிப்பாளர்கள் எதிரெதிரே உட்கார்ந்து வருவார்கள். இரவில் யாருக்காவது உடல்நலம் கெட்டால் மருத்துவமனைக்கும் இதுவே போகும். அந்தி சாய்ந்தபின் சாலையில் யானை நிற்கக்கூடிய ஊர் என்பதால், பின்புறமும் பக்கவாட்டிலும் ஓட்டுநருக்குப் பார்வை தெளிவாக இருந்தே ஆகவேண்டும்.

வண்டியைப் பார்த்தபோது கண்டவை

பழைய ஹூட்டைக் கழற்றுவதற்கு முன் அதன்மேல் இரண்டு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றினோம். தண்ணீர் பக்கங்களுக்கு வழியாமல், முன்கண்ணாடிச் சட்டத்துக்கும் நடுவிலிருந்த வளைவுக் குழாய்க்கும் இடையே குளம்போல் நின்றது. அதன் கரையைச் சாக்பீஸால் கோடிட்டு அளந்தோம்: நீளம் 90 செ.மீ., அகலம் 60 செ.மீ., ஆழம் சராசரியாக 3 செ.மீ. ஏறத்தாழ 16 லிட்டர், அதாவது 16 கிலோ எடை, துணியின் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த எடை துணியை இழுக்கிறது. இழுபட்ட துணி இன்னும் ஆழமான குழியாகிறது. அடுத்த மழையில் இன்னும் அதிகத் தண்ணீர் நிற்கிறது. வண்டி பள்ளத்தில் குலுங்கும்போது அவ்வளவு நீரும் ஒரே வீச்சில் முன்தையலை அடிக்கிறது. மூன்று ஹூட்டுகளும் அதே தையலில்தான் பிரிந்தன என்று ஓட்டுநர் சொன்னதன் காரணம் அப்போது விளங்கியது.

நடுக்குழாயின் உச்சி முன்கண்ணாடிச் சட்டத்தைவிட 2 செ.மீ. தாழ்ந்திருந்தது. எப்போதோ யாரோ அதன்மேல் மூட்டை ஏற்றியதில் வளைந்திருக்கவேண்டும். பழுது குழாயில் இருக்க, மூன்று முறையும் மாற்றியது துணியை. கூரை ஒழுகினால் துணியைக் குறைசொல்வது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். வாடிக்கையாளரும் துணியைத்தான் காட்டுகிறார். தைப்பவருக்கும் புதுத் துணி தைத்தால்தான் வேலை.

அடுத்ததாக வண்டியின் உடலைக் குறுக்காக அளந்தோம். இடது முன்மூலையிலிருந்து வலது பின்மூலைக்கும், வலது முன்மூலையிலிருந்து இடது பின்மூலைக்கும் உள்ள தொலைவுகள் ஒத்துவரவில்லை. பக்கத் தகட்டின் விளிம்பு வலப்புறத்தைவிட இடப்புறம் 11 மி.மீ. உயர்ந்திருந்தது. பல ஆண்டுகள் மலைப்பாதையில் ஓடிய வண்டிக்கு இந்த முறுக்கு இயல்பானதே. ஒரு பக்கத்துக்கு அளவெடுத்து, அதையே திருப்பிப் போட்டு மறுபக்கத்துக்கும் வெட்டும் வழக்கம் இங்கே உதவாது என்பது அன்றே தெளிவாயிற்று.

எந்த வகைக் கூரை என்ற முடிவு

மேலாளர் முதலில் கேட்டது கண்ணாடியிழையாலான கெட்டிக் கூரை. அதன்மேல் சாமான் வைக்க ஒரு கம்பித் தட்டும் வேண்டும் என்றார். இரண்டு காரணங்களால் நாங்கள் அதை ஏற்கவில்லை. இந்த வண்டி துணிக்கூரையோடு பதிவானது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்த மூல விவரங்களுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாக எடுத்துரைத்தது. கெட்டிக் கூரையைப் பூட்டிவிட்டு, சோதனைச் சாவடியில் நிறுத்தப்படும்போதும் விபத்துக்குப் பின் காப்பீடு கேட்கும்போதும் வாடிக்கையாளரைத் தனியே விட்டுவிடுவது நேர்மையான வேலையாக எங்களுக்குப் படவில்லை. இரண்டாவது காரணம், முறுக்கிய உடல். நெளிந்து கொடுக்காத கூரையை அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கினால், ஒவ்வொரு பள்ளத்திலும் கூரைக்கும் உடலுக்கும் இழுபறி நடக்கும். விரைவிலேயே போல்ட் துளைகளிலிருந்து விரிசல் ஓடும்.

ஆகவே துணிக்கூரையே என்று முடிவாயிற்று. சட்டகத்தைப் பழைய தாங்கிகளிலேயே பொருத்துவது, உடலில் புதிதாக எதையும் வெல்டிங் செய்யாதிருப்பது, பின்விளக்குகளையும் எண் பலகையையும் எந்த நிலையிலும் திரை மறைக்காதபடி அமைப்பது ஆகியவற்றையும் அன்றே வரையறுத்துக்கொண்டோம்.

சட்டகம்

மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு குழாய்க்கே போனது. மேலாளருக்கு இது வியப்பாக இருந்தது. தண்ணீர் தேங்கிய குழியைக் காட்டியபின் ஒப்புக்கொண்டார்.

வெளிவிட்டம் ஒரு அங்குலம், சுவர்த் தடிமன் 2 மி.மீ. உள்ள குழாயைத் தேர்ந்தோம். வளைக்கும்போது உட்புறம் மடங்கி நசுங்காமலிருக்க, குழாயினுள் மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரு முனைகளையும் மரக்கட்டையால் அடைத்தோம். மணலை முதலில் இரும்புச் சட்டியில் போட்டு ஈரம் முழுதும் போகும்வரை வறுக்கவேண்டும். வளைவில் சூடு காட்டவேண்டி வந்தால், ஈர மணலிலிருந்து எழும் நீராவி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டுபோல் வெளியே தள்ளிவிடும். எங்கள் வெல்டர் இதில் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒரு பிடி மணலை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்து, ஒட்டாமல் பறந்தால்தான் குழாயில் கொட்டுவார்.

பழைய சட்டகத்தில் இரண்டே வளைவுகள் இருந்தன. நாங்கள் மூன்று வைத்தோம். நடுவளைவின் உச்சி முன்கண்ணாடிச் சட்டத்தைவிட 4 செ.மீ. உயரம், அங்கிருந்து முன்னும் பின்னும் சரிவு. ஒவ்வொரு வளைவும் குறுக்குவாட்டில் நடுவே மூன்றரை செ.மீ. மேடாக இருந்ததால் தண்ணீர் பக்கங்களுக்கும் வழியும். வளைவுகள் முன்பின் நகராதபடி, முன்சட்டத்திலிருந்து பின்வளைவுவரை 5 செ.மீ. அகல நைலான் பெல்ட் மூன்றை இழுத்துக் கட்டினோம். மேல்துணி அந்தப் பெல்ட்டுகளின்மேலும் படுத்திருக்கும் என்பதால் இரண்டு வளைவுகளுக்கு இடையே தொய்வதற்கு இடமில்லை. பழைய குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடித்திருந்ததைக் கண்டதால், ஒவ்வொரு காலின் அடியிலும் தண்ணீர் வடிய 5 மி.மீ. துளை போட்டபின் பவுடர் பூச்சுக்கு அனுப்பினோம்.

துணியைப் பற்றிய கருத்து வேறுபாடு

எங்கள் தையல் மாஸ்டர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஹூட் தைப்பவர். பருத்திக் கேன்வாஸ்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. கேன்வாஸ் மூச்சுவிடும், உள்ளே வியர்க்காது. பருத்தி நூலால் தைத்தால், நனைந்ததும் நூலும் துணியும் சேர்ந்து உப்பி ஊசித் துளைகளைத் தாமே அடைத்துக்கொள்ளும். காட்டில் கிழிந்தாலும் கோணி ஊசியும் சணல் நூலும் இருந்தால் ஓட்டுநரே ஒட்டுப்போட்டுவிடலாம். மூன்றும் மெய்.

நான் பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர் துணியைக் கேட்டேன். நான்கு மாதம் காயாமல் கிடக்கும் கேன்வாஸில் பூஞ்சணம் பிடித்து இழை இற்றுப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நனைந்த கேன்வாஸ் ஹூட்டைத் தனி ஆளாகக் கழற்றி மடிப்பதும் கடினம். முடிவில் சதுர மீட்டருக்கு 650 கிராம் எடையுள்ள பூச்சுத் துணியை எடுத்தோம். வெளிப்புறம் கரும்பச்சை, உட்புறம் வெளிர்சாம்பல். உட்புறம் வெளிறியிருந்தால் மூடிய வண்டிக்குள் பகலில் வெளிச்சம் கூடும்.

பூச்சுத் துணியில் ஊசித்துளை தானாக அடையாது. அதனால் மேல்கூரையின் இணைப்புகளைத் தைக்காமல், 4 செ.மீ. மேல்படிவு வைத்துச் சூடான காற்றால் உருக்கி ஒட்டினோம். வேலையைத் தொடங்குமுன் துண்டுத் துணிகளில் ஒட்டி, ஆறியபின் இழுத்துப் பார்ப்போம். ஒட்டிய இடம் விலகினால் சூடு போதவில்லை. பூச்சே இழையிலிருந்து உரிந்துவந்தால் ஒட்டு சரி. அன்று ஐந்தாவது துண்டில்தான் உரிந்தது. தையல் தவிர்க்கமுடியாத இடங்களில் தடித்த பாலியெஸ்டர் நூலால், தையலுக்குத் தையல் 4 மி.மீ. இடைவெளி விட்டுத் தைத்தோம். அதைவிட நெருக்கித் தைத்தால் அஞ்சல்தலை ஓரத்தைப்போல் துளை வரிசையாகி, இழுக்கும்போது அங்கேயே கிழியும். வெட்டிய விளிம்புகள் அனைத்தையும் மடித்துப் பட்டியடித்தோம். அப்படியே விட்டால் உள்ளிருக்கும் வெள்ளை இழை விளக்குத்திரிபோல் தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொண்டுவந்துவிடும்.

அளவெடுத்தலும் வெட்டும்

துணியை நேராக வெட்டாமல், பழைய ஃபிளெக்ஸ் பேனரைச் சட்டகத்தின்மேல் போர்த்தி, கிளிப் மாட்டி, இடப்பக்கம் வலப்பக்கம் இரண்டையும் தனித்தனியே மார்க்கரால் வரைந்தோம். ஃபிளெக்ஸ் அதிகம் இழுபடாது. பூச்சுத் துணியைப் போலவே மடிந்து விழும். கதவுத் திறப்பின் மேலே வழியும் நீர் உள்ளே இருப்பவரின் தோளில் விழாதபடி, உள்ளே கயிறு வைத்துத் தைத்த 4 செ.மீ. நீட்டலை வெளியே தொங்கவிட்டோம். சிறிய வேலைதான், முழு ஹூட்டிலும் ஓட்டுநர் பின்னர் அதிகம் பாராட்டியது இதைத்தான்.

பக்கத் திரைகளிலும் பின்திரையிலும் 0.75 மி.மீ. ஒளிபுகும் பி.வி.சி. தாளைச் சன்னலாக வைத்தோம். வெயிலில் காய்ந்த குழாய் இந்தத் தாளைத் தொட்டுக்கொண்டே இருந்தால் பழுப்புக் கோடு விழும் என்பதால், குழாய் வரும் இடங்களிலெல்லாம் இடையில் துணிப்பட்டை கொடுத்தோம். திரைகளின் நான்கு ஓரங்களையும் 10 செ.மீ.க்கு ஒன்றாக டிச் பட்டனால் இணைத்தோம்.

ஏப்ரல் பிற்பகல் இரண்டு மணிக்கு, பட்டறை முற்றத்து வெயிலில் வண்டியை நிறுத்திக் கடைசிப் பட்டன்களை அடித்தோம். துணி பறைபோல் விறைத்து நின்றது. பார்த்தவர் எல்லோரும் பாராட்டினார்கள். எங்களுக்கும் நிறைவாக இருந்தது. மே முதல் வாரத்தில் வண்டி மலையேறியது.

முதல் மழைக்காலம்

ஜூன் இரண்டாம் வாரம் ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, காலையில பட்டன் எட்டவே மாட்டேங்குது. ரெண்டு பேரு இழுத்தாதான் மாட்ட முடியுது."

நான் மறுநாள் விடியலில் அங்கே போய் நானே மாட்டிப் பார்த்தேன். தூறல். கை விறைத்திருந்தது. பக்கத் திரையின் மேல்வரிசையும் முன்வரிசையும் மாட்டியபின், பின்வரிசைப் பட்டன் தன் குமிழுக்கு ஒரு விரற்கடைகூட இல்லாத தூரத்தில் நின்றது. எவ்வளவு இழுத்தும் அந்தத் தூரம் குறையவில்லை. நகக்கண் வலிக்க இழுத்ததில் பட்டன் துணியோடு பிய்ந்துவிடும்போல் இருந்தது. முற்றத்து வெயிலில் துணியின் சூடு காற்றின் சூட்டையும் தாண்டியிருக்கும். இங்கே மழைக்காலக் காலையில் 20 பாகைக்கும் கீழ். இந்த வேறுபாட்டில் ஒன்றரை மீட்டர்த் திரை சுருங்குவது சில மில்லிமீட்டர்தான். ஆனால் குளிரில் பி.வி.சி. விறைத்தும் போகிறது. வெயிலில் கையால் இழுத்துச் சரிசெய்துகொள்ளக்கூடிய அதே சில மில்லிமீட்டர், குளிரில் கைக்கு அடங்குவதில்லை. நாங்கள் பெருமைப்பட்ட இறுக்கமே இங்கே பழுதாயிற்று. ஓட்டுநர் இரண்டு வாரமாகப் பின்வரிசையை மாட்டாமலே ஓட்டியிருக்கிறார். அந்த வழியாகவே மழை உள்ளே வந்திருக்கிறது.

அன்றைக்குத் தற்காலிகமாக, பின்வரிசைப் பட்டன்களுக்குப் பதில் கயிற்றுக் கண்கள் அடித்து நாடா கோத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலையில் மாஸ்டர் எச்சரித்தது நடந்தது. ஈர உடையோடு ஐந்தாறு பேர் ஏறி எல்லாத் திரைகளையும் மூடியதும் சன்னல்கள் பனித்துப்போயின. காலையில் கூரையின் உட்புறத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. ஹூட் ஒழுகுகிறது என்றே தோட்டத்தில் எல்லோரும் நினைத்தார்கள். மழையில்லாத ஒரு காலையிலும் சொட்டியதை ஓட்டுநர் கவனித்துச் சொன்னதால்தான் அது உள்வியர்வை என்று தெரிந்தது. இந்த விஷயத்தில் மாஸ்டரின் பேச்சுக்கு நான் உரிய எடை கொடுக்கவில்லை. துணியை மாற்றியிருக்கவேண்டும் என்று இப்போதும் நினைக்கவில்லை. காற்றுப்போக்கிக்கு முதலிலேயே இடம் விட்டிருக்கவேண்டும்.

உண்மையான ஒழுகலும் ஒன்று இருந்தது: முன்கண்ணாடிச் சட்டத்தின் இடது மூலை. உடலின் முறுக்கு அந்த மூலையில்தான் வந்து முடிகிறது. வண்டி ஒரு சக்கரத்தைத் தூக்கி நிற்கும்போதெல்லாம் அங்கே துணிக்கும் சட்டத்துக்கும் இடையே சிறு வாய் திறக்கிறது.

புகை

ஆகஸ்டில் வந்த முறையீடு மற்ற எல்லாவற்றையும்விடக் கடுமையானது. பின்னிருக்கையில் வரும் கண்காணிப்பாளர்கள் தலைவலியும் குமட்டலும் உண்டாவதாகச் சொன்னார்கள். சன்னல் பனிப்பதால் பின்திரையைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு, பக்கத் திரைகளை மட்டும் மூடிக்கொண்டு ஓட்டும் பழக்கம் அதற்குள் வந்திருந்தது. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பச் சுழலும் காற்று புகைக்குழாயின் புகையையும் சேர்த்துத் திறந்த பின்பக்கம் வழியே உள்ளே இழுக்கிறது. பழைய ஹூட்டில் ஆயிரம் ஓட்டைகள் இருந்ததால் முன்னிருந்து காற்று வந்து புகையைத் தள்ளிவிட்டிருக்கிறது. நாங்கள் முன்னையும் பக்கங்களையும் நன்றாக அடைத்ததில் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. டீசல் புகைக்கு மணம் உண்டு, தெரிந்துவிடும். அதனுள் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

வண்டியை உடனே நிறுத்தச் சொல்லி, கீழே படுத்துப் பார்த்தேன். புகைக்குழாயின் கடைசித் துண்டு எப்போதோ பாறையில் பட்டு உடைந்து, புகை பின்தகட்டுக்கு அடியிலேயே வெளியேறிக்கொண்டிருந்தது. மார்ச் கடைசியில் வந்த வண்டி எங்கள் முற்றத்தில் வாரக்கணக்கில் நின்றபோது நாங்கள் கூரையை மட்டுமே பார்த்தோம். கீழே குனிந்து பார்க்கவில்லை. மூடிய கூரை தைப்பவர் புகைக்குழாயையும் பார்த்தாகவேண்டும் என்று அதன்பின் பட்டறையில் விதி வைத்துக்கொண்டோம். குழாயை மூல நீளத்துக்கு மாற்றிய பிறகே வண்டி மீண்டும் ஆட்களை ஏற்றியது. பின்திரை திறந்திருந்தால் முன்பக்கத் திரைகளும் கட்டாயம் திறந்திருக்கவேண்டும் என்று எழுதி ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே ஒட்டினோம்.

டிசம்பரில் பார்த்தது, அதன்பின் செய்த திருத்தங்கள்

டிசம்பரில் சென்றபோது ஓட்டுநர் பக்கச் சன்னல் பால்போல் மங்கியிருந்தது. மற்றவை ஓரளவு தெளிவு. காரணம் கேட்டபோது அவர் இருக்கைக்கு அடியிலிருந்து டீசல் நனைத்த துணியை எடுத்துக் காட்டி, சேறு சுலபமாகப் போகிறது என்றார். அவர் மேல் குறையில்லை. முன்கண்ணாடியை அப்படித்தான் துடைத்துப் பழகியிருக்கிறார். பி.வி.சி. தாளுக்கு நெகிழ்வு தரும் பொருளை டீசலும் மண்ணெண்ணெயும் கரைத்து இழுத்துவிடும். தாள் மங்கி, விறைத்து, பின் வெடிக்கும். தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவிவிட்டு மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கவேண்டும் என்று நாங்கள் ஒப்படைத்த நாளில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சன்னல் பிழைத்திருக்கும். குளிர்ந்த காலையில் தாளை மடித்துச் செருகியதால் மற்றொரு சன்னலின் மூலையில் முடிபோன்ற விரிசலும் ஓடியிருந்தது.

ஜனவரியில் வண்டி ஒரு வாரம் எங்களிடம் இருந்தது. பக்கத் திரைகளின் பின்வரிசைப் பட்டன்களையும் தற்காலிக நாடாவையும் அகற்றி, 4 செ.மீ. வரை இறுக்கவும் தளர்த்தவும் கூடிய பெல்ட்டும் பக்கிளும் வைத்தோம். ஈரக்கையாலும் மாட்டக்கூடிய பெரிய பக்கிள் எது என்று தெரிந்துகொள்ள, ஓட்டுநரையே கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நான்கு வகைகளை மாட்டச்சொல்லி, அவர் தேர்ந்ததையே வாங்கினோம். முன்பக்கத் திரைகளின் மேல்மூலையில் ஜிப் வைத்த காற்றுத் திறப்பும், அதன்மேல் மழை விழாமல் சாய்ந்த மடலும் தைத்தோம். பின்திரையின் உச்சியில் அதேபோல் இன்னொன்று. முன்மூலையில் கடற்பஞ்சுபோல் அமுங்கும் ரப்பர் பட்டையைக் கொடுத்தோம். மங்கிய சன்னலையும் வெடித்த சன்னலையும் மாற்றினோம். பின்சன்னலை மட்டும் ஒரு சாண் அகலப்படுத்தினோம். இருட்டியபின் வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத மூலை எதுவும் இருக்கக்கூடாது என்று ஓட்டுநர் கேட்டிருந்தார். சட்டகத்தில் தொட ஒன்றுமில்லை. வாளித் தண்ணீரை மறுபடியும் ஊற்றிப் பார்த்தோம், நிற்காமல் ஓடியது.

இரண்டாம் மழைக்காலத்துக்குப் பின்

அடுத்த அக்டோபரில் மீண்டும் பார்த்தபோது கூரையில் எந்த ஒட்டும் விலகவில்லை, எங்கும் தண்ணீர் தேங்கிய கறையும் இல்லை. பக்கத் திரைகளை ஓட்டுநர் ஒருவரே மாட்டுகிறார். காற்றுத் திறப்புகள் இரண்டும் திறந்திருந்தால் சன்னல் பனிப்பது பெருமளவு குறைகிறது. கனமழையில் எல்லாவற்றையும் மூடவேண்டி வரும்போது இப்போதும் பனிக்கிறது. தலைவலி முறையீடு அதன்பின் வரவில்லை. இடது முன்மூலையில் ரப்பர் பட்டை அமுங்கித் தட்டையாகி, சாரல் மழையில் சில சொட்டுகள் வருகின்றன; அது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய பொருள் என்று மேலாளரிடம் சொல்லி, இரண்டு பட்டைகளைக் கூடுதலாக வெட்டிக் கொடுத்தோம். நடுவெயில் நாள்களில் பக்கத் திரை தளர்ந்து அடித்துக்கொள்வதும் பெல்ட்டை ஒரு கண் இறுக்கினால் நின்றுவிடுகிறது.

அடுத்த முறை மாற்றுவன

இதேபோன்ற வேலை அண்மையில் மீண்டும் வந்தபோது, சட்டகத்தையும் மேல்கூரையையும் மட்டும் பொள்ளாச்சியில் முடித்துவிட்டு, பக்கத் திரைகளின் பட்டன்களை அடிக்காமல் மேலே கொண்டுபோய், வண்டி இரவு நிற்கும் கொட்டகையிலேயே விடியற்காலையில் அடித்தோம். கூடுதலாக ஒரு நாளும் போக்குவரத்துச் செலவும் ஆயிற்று. அதை முதலிலேயே விலையில் சேர்த்துச் சொன்னோம்.

காற்றுத் திறப்பு இல்லாமல் முழுதும் மூடும் ஹூட் எதையும் இப்போது நாங்கள் தைப்பதில்லை. வாடிக்கையாளர் வேண்டாம் என்றாலும் காரணத்தைச் சொல்லி வைக்கிறோம். முறுக்கிய உடலுள்ள வண்டிகளில் முன்விளிம்பை நேரே சட்டத்தில் இறுக்காமல், மூலைகளில் மட்டும் இரண்டு விரற்கடை தளர்ச்சியுள்ள மடிப்பு கொடுத்து, அதன்மேல் தனி மடல் போர்த்திப் பார்க்க எண்ணியிருக்கிறோம். இந்த ஜீப்பின் இடது மூலையில்தான் முதலில் செய்து பார்ப்பதாக மேலாளரிடம் சொல்லியிருக்கிறோம். அடுத்த ஏப்ரலில், மழைக்கு முன், வண்டி கீழே வரும்.